இணைப்பை ஒப்படைத்ததும் மின்னஞ்சல் பெட்டியைப் பூட்டியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
அச்சக உரிமையாளர், சிவகாசி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள், பிராட்பேண்ட் பிரிவு.

ஐயா,

2006 முதல் உங்கள் பிராட்பேண்ட் வாடிக்கையாளன் நான். இந்த ஆனி மாதம் அச்சகத்தை ஊருக்கு வெளியே சொந்த இடத்துக்கு மாற்றினோம். அந்தப் பக்கம் உங்கள் கேபிள் வரவில்லை என்று உங்கள் ஆட்களே கைவிரித்ததால் இணைப்பை ஒப்படைத்தேன். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, பாக்கி ஒரு ரூபாய் கிடையாது. ரசீது நகல் இணைத்திருக்கிறேன்.

இணைப்பு தந்த அன்றே ஒரு மின்னஞ்சல் முகவரியும் தந்தீர்கள், வால் பகுதியில் உங்கள் கம்பெனி பெயரோடு. பில் புக், விசிட்டிங் கார்டு, வருஷாவருஷம் இலவசமாகக் கொடுக்கும் தினக்காலண்டர் அட்டை எல்லாவற்றிலும் அதைத்தான் அடித்தோம். ஊருக்கெல்லாம் முகவரி அச்சடித்துக் கொடுக்கிற எனக்கே என் முகவரி இரவல் என்பது தெரியாமல் போயிற்று.

துண்டித்த இருபதாம் நாள் பெட்டி பூட்டிக்கொண்டது. முன்கூட்டி ஒரு எஸ்எம்எஸ்கூட இல்லை. ஆடி 18-க்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்ட கையோடு எங்களுக்கு காலண்டர் சீசன் தொடங்கிவிடும். வெளியூர்க் கடைக்காரர்கள் பெயர், லோகோ எல்லாம் மெயிலில்தான் அனுப்புவார்கள். தூத்துக்குடி பாத்திரக் கடைக்காரர் ஒருவர் போனில், "அண்ணாச்சி, டிசைன் அனுப்பி எட்டு நாளாச்சு, புரூஃப் எங்க?" என்று சத்தம் போட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை என்று உங்கள் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தால் அன்றைக்கே கூப்பிட்டிருப்பார். அதுவோ வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அந்த ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது.

வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாவற்றிலும் அதே முகவரிதான். மாற்றப் போனால் சில இடங்களில் பழைய முகவரிக்குத்தான் ஓடிபி அனுப்புவோம் என்கிறார்கள்.

உங்கள் கால் சென்டர் பையன், "கனெக்‌ஷன் இல்லேன்னா மெயிலும் இல்ல சார், ஜிமெயில் வச்சுக்கோங்க" என்றான். எண்ணை மாற்றாமல் செல்போன் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது. நானும் இரண்டு முறை மாறிவிட்டேன், எண் அதேதான். மெயிலுக்கு அந்த வசதி இல்லை என்றால், கையெழுத்து வாங்கும்போதே அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இப்போது அச்சகத்தின் பெயரில் சொந்த டொமைன், அதாவது மெயில் முகவரியின் வால் பகுதியில் வரும் இணையப் பெயர், வாங்கிவிட்டேன். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அந்தப் பெயருக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவாம். மெயில் கம்பெனி பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும், முகவரி அப்படியே இருக்கும் என்று மகள் காட்டினாள். பழக்க தோஷத்தில் டொமைன் பதிவுப் படிவத்திலும் நீங்கள் தந்த பழைய மெயில் முகவரியையே அடிக்கப் போனேன். அவள்தான் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கு வேண்டியது இதுதான். பழைய முகவரிக்கு வரும் மெயில்களை ஒரு வருஷத்துக்குப் புது முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் உண்டென்றால் கட்டுகிறேன். பெட்டியில் கிடப்பவற்றை இறக்கிக்கொள்ள ஒரு வாரம் திறந்துவிடுங்கள். முக்கியமாக, அந்த முகவரியை ஒருபோதும் வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள். அது கிடைத்தவர் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் என் கணக்குகளின் சாவி அவர் கையில். 15 நாளில் பதில் வராவிட்டால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். போன வாரம் போனில் புகார் பதிந்ததற்கு, ஒப்புகை என் மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாக உங்களிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அனுப்பியிருப்பது நீங்கள் பூட்டிய அதே பெட்டிக்கு.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்