கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவர் கையில் ஒரு கடன் கோப்பைக் கொடுங்கள்

வங்கிகளின் மண்டல மேலாளர்களுக்கும், கல்லூரி மேலாண்மைத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். ஏப்ரல் பிறந்ததும் எம்.பி.ஏ., பி.காம். மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு கிளை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ பயிற்சி. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பது, செலான் நிரப்பித் தருவது, பழைய வவுச்சர்களைத் தேதிவாரியாகக் கட்டுவது, கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடிப்பது என்று அந்த வாரங்கள் கழிகின்றன. கடைசியில் 60 பக்க அறிக்கை; அதில் பாதி வங்கியின் வரலாறு. இதற்குக் கிளை மேலாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாணவர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் வருவதற்கு முன் யாருமே யோசித்து வைப்பதில்லை. கடன் மேசையிலும் வகுப்பறையிலும் இதைப் பார்த்து வருகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதலில் நாள் விஷயம். மார்ச் 31 கணக்கு முடிப்பு. அது முடிந்த கையோடு ஏப்ரலில் சட்டபூர்வத் தணிக்கையாளர் வந்து உட்காருவார். மேலாளர் நாள் முழுக்க அவர் கேட்கும் தாளை எடுத்துக்கொண்டிருப்பார். இடமாற்ற ஆணைகளும் அந்தப் பருவத்தில்தான் வரும். பயிற்சி தரவேண்டிய அலுவலரே பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மாணவரை அனுப்பி என்ன பயன்? மே நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன் விண்ணப்பம், பள்ளிக் கட்டணத்துக்கான நகைக்கடன் எல்லாம் அப்போதுதான் வரும். டெல்டா மாவட்டக் கிளை என்றால் ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை ஒட்டிக் குறுவைப் பயிர்க்கடனும் சேர்ந்துகொள்ளும். ரிசர்வ் வங்கி தன் கோடைப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்ளேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறது. அவ்வளவு முன்கூட்டி முடியாவிட்டாலும், பிப்ரவரிக்குள் கல்லூரி பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் மண்டல அலுவலகம் எந்தக் கிளைக்கு யார் என்று பிரித்துவிடலாம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் முண்டியடிக்கும்போது கடிதத்தை நீட்டினால், எந்த மேலாளருக்கும் தோன்றும் பதில் "அந்தப் பக்கம் உட்காருப்பா" என்பதுதான்.

கூடாதவற்றை எழுத்தில் கொடுங்கள். அலுவலரின் பயனர் எண்ணில் மாணவர் உட்காரவே கூடாது, 'சும்மா பார்க்க' என்றாலும். ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் அங்கீகரிப்பது என்ற இரட்டைப் பூட்டில்தான் வங்கிக் கணினி முறை நிற்கிறது. மாணவர் அழுத்திய பொத்தான் அலுவலர் எண்ணில் பதிவாகும். பிறகு விளக்கம் எழுதப்போவது அலுவலர்தான். செலான் நிரப்பித் தருவது பார்வைக்கு உதவி மாதிரி இருக்கும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப் பணம் வேறிடம் போனால் 'பேங்க்காரப் பையன்தான் எழுதினான்' என்று வாடிக்கையாளர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். அதைவிட மோசம், பெரியவர்கள் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் சேர்த்தே மாணவரிடம் நீட்டிவிடுவது. ஆதார் நகலில் 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று மாணவர் எழுதி, மாலையில் அலுவலர் மொத்தமாகக் கையெழுத்திடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அசலைப் பார்க்காமல் போட்ட கையெழுத்துக்குப் பெயர் சரிபார்ப்பு அல்ல.

வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் கடமையை, 1970 ஆம் ஆண்டு தேசியமயச் சட்டத்தின் கீழ் வந்த வங்கிகளுக்கு அந்தச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு விதிக்கிறது. மாணவர் ஊழியர் அல்ல. ஆகவே முதல் நாளே ரகசியக் காப்பு உறுதிமொழி எழுதி வாங்குங்கள். கோப்பைக் கைபேசியில் படம் எடுத்து நண்பர் குழுவில் போடக்கூடாது என்பதை அதில் வெளிப்படையாகச் சேருங்கள். 'ரகசியம் காக்க வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால், படம் எடுப்பதும் அதில் அடங்கும் என்பது அவர்களுக்குத் தோன்றாது.

இனி எதைக் கொடுக்கலாம் என்பதற்கு வருவோம். எங்கள் கோரிக்கையின் மையம் இதுதான்: கணக்கு முடிந்துபோன ஒரு சிறுதொழில் நடைமுறை மூலதனக் கடன் கோப்பு, அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடத் தொழில் செலவுக்குக் கொடுத்த கடனின் கோப்பு. பெயர், பான், ஆதார், கைபேசி எண்களைக் கறுப்பு மையால் அடித்து நகல் எடுத்தால் போதும். ஓர் எழுத்தருக்கு அரை நாள் வேலை. ஒருமுறை செய்த நகல் ஆண்டுதோறும் உதவும்.

அந்தக் கோப்பை வைத்து மாணவர் கடன் வரம்பைத் தானே கணக்கிடட்டும். சிறுதொழில் கடனுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறையில், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20 வங்கியுடையது, 5 தொழில் செய்பவருடையது. விற்பனை 80 லட்சம் என்று விண்ணப்பத்தில் இருந்தால் தேவை 20 லட்சம், வங்கி தருவது 16 லட்சம், உரிமையாளர் போடுவது 4 லட்சம். பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். கோப்பில் ஜி.எஸ்.டி. படிவங்களைப் புரட்டினால் போன ஆண்டு விற்பனை 52 லட்சம்தான் என்று தெரியவரும். 80 எப்படி வந்தது? புது இயந்திரமா, புது ஆர்டரா, கணக்கர் போட்ட கற்பனையா? 60 லட்சம்தான் நம்பத்தக்கது என்று முடிவெடுத்தால் வரம்பு 12 லட்சமாக இறங்கும். கடன் மதிப்பீடு என்ற பாடம் முழுக்க இந்த 80க்கும் 60க்கும் நடுவில்தான் இருக்கிறது.

அடுத்தது, கடன் வாங்கியவர் வங்கிக்குத் தரும் மாதாந்தரச் சரக்குப் பட்டியல். வரம்பு 16 லட்சமாகவே அனுமதிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 14 லட்சம், அதில் கடனுக்கு வாங்கியது 4 லட்சம். வர வேண்டிய பாக்கி 6 லட்சம், அதில் 90 நாள் தாண்டியது 1 லட்சம். மார்ஜின், அதாவது தொழில் செய்பவர் தன் பங்காகப் போட வேண்டியது, இரண்டுக்கும் 25 விழுக்காடு. சரக்கில் கடன்பட்டதைக் கழித்தால் 10 லட்சம், மார்ஜின் போக 7.5. பாக்கியில் பழையதைத் தள்ளினால் 5 லட்சம், மார்ஜின் போக 3.75. ஆக எடுக்கும் தகுதி, அதாவது அப்போது கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய உச்சத் தொகை, 11.25 லட்சம். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது வரிசையில்: முதலில் மார்ஜினைக் கழித்து, பிறகு கடனைக் கழிப்பார்கள். 14இல் 25 விழுக்காடு போனால் 10.5, அதில் 4 போனால் 6.5, ஒரே தாளில் 1 லட்சம் காணாமல் போகும். கணக்கில் நிலுவை 13 லட்சம் என்றால், வரம்பு 16 லட்சம்தானே, என்ன கவலை என்று தோன்றும். எடுக்கும் தகுதிக்கு மேல் 1.75 லட்சம் நிற்கிறது என்பதுதான் சங்கதி. அது அப்படியே நீடித்தால் 31 ஆம் நாளில் எஸ்.எம்.ஏ.1 என்ற கண்காணிப்புப் பட்டியல், 61 ஆம் நாளில் எஸ்.எம்.ஏ.2, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பழைய சரக்குப் பட்டியலை வைத்து எடுத்த பணமும் ஒழுங்கற்ற நிலுவையாகவே கருதப்படும். தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, பட்டியல் கொடுக்காத சோம்பலால் கணக்கு கெடுவது இந்த வழியில்தான்.

முடிந்தால் ஒருநாள் அலுவலரோடு தொழிற்கூட ஆய்வுக்கு அனுப்புங்கள். மாணவர் பார்க்க வேண்டியவை: வங்கிக்கு அடமானம் என்ற பலகை இருக்கிறதா, சரக்குக் காப்பீட்டில் வங்கியின் பெயர் சேர்ந்திருக்கிறதா, காப்பீடு காலாவதியாகிவிட்டதா, கடைசி சில மின்கட்டண ரசீதுகள் என்ன சொல்கின்றன. உற்பத்தி குறைந்ததைச் சரக்குப் பட்டியல் மறைக்கலாம், மின்கட்டணம் மறைக்காது.

நகைக்கடனும் நல்ல பாடம். மாணவர் நகையைத் தொடக்கூடாது, பாதுகாப்பு அறைப் பக்கம் போகவும் கூடாது. கணக்கு மட்டும் போடட்டும். மொத்த எடை 28 கிராம், கல்லும் அரக்கும் 3 கிராம், நிகரம் 25. கிராம் 8,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 2 லட்சம். அந்த விலையைக் கடைப் பலகையைப் பார்த்து எழுதக்கூடாது: அதே தரத் தங்கத்தின் 30 நாள் சராசரி, முந்தைய நாள் முடிவு விலை, இரண்டில் எது குறைவோ அது. 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகும் ரிசர்வ் வங்கி நெறிகளின்படி, சொந்தச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் அதிகபட்சம் 85 விழுக்காடு, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. அப்படியானால் 1,70,000 கொடுத்துவிடலாமா? ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒரே தவணையாகக் கட்டும் கடன் என்றால் முடியாது. கட்ட வேண்டிய மொத்தத் தொகையே அந்த 85க்குள் அடங்க வேண்டும். வட்டி 9 விழுக்காடு என்றால் கையில் தருவது சுமார் 1,55,900தான்.

முகப்பு மேசையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால், திரும்பி வந்த கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) படிவங்களைக் காரணவாரியாகப் பிரிக்கும் வேலை கொடுங்கள், பெயரை மறைத்துத்தான். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாட்டை வேறெங்கும் படிக்க முடியாது. ஆதாரில் 'மு. செல்வி', பான் அட்டையில் இனிஷியலை விரித்து 'செல்வி முருகேசன்', பள்ளிச் சான்றிதழில் 'செல்வி மு.' என்று இருக்கும். ஆள் ஒன்றே, கணினிக்கு மூன்று பேர். நியமனதாரர் இல்லாதது, பழைய முகவரி, கையெழுத்து மாறியது எனப் பிரித்துப் பார்த்தால், எந்தத் தவறைக் கவுன்டரிலேயே பிடித்திருக்கலாம் என்பது தெரியும். கிளைக்கே பயன்படும் அறிக்கை அதுதான். காசோலை திரும்பிய பதிவேட்டையும் இப்படிப் பிரிக்கலாம்.

இங்கே கல்லூரிகளிடம் ஒரு வார்த்தை. 'வாடிக்கையாளர் திருப்தி: ஓர் ஆய்வு' என்ற தலைப்பைத் தயவுசெய்து ஓய்வெடுக்க விடுங்கள். 100 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வா என்றால், அதில் எத்தனை விடுதி அறையில் நிரம்புகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். புள்ளியியல் சோதனை போட்டால்தான் ஆய்வு என்ற விதியைத் தளர்த்துங்கள். மேலே சொன்ன கடன் கோப்பை 15 பக்கத்தில் மதிப்பிட்டு, 'இந்தக் கடனை நான் கொடுத்திருப்பேனா, எவ்வளவு, ஏன்' என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு கடன் அலுவலரை அழைத்தால் நகலடித்த அறிக்கை ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

மண்டல மேலாளர்களுக்கு: இன்ஷூரன்ஸ், கார்டு இலக்குகளை மாணவர் தலையில் கட்டாதீர்கள். அவர் தன் சித்தப்பாவையும் எதிர்வீட்டுக்காரரையும்தான் பிடித்து வருவார், அந்தப் பாலிசி இரண்டாம் ஆண்டு பிரீமியம் காணாது. கிளைக்கு இரண்டு மாணவருக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை, கவுன்டர் மூடிய பிறகு அரை மணி நேரம் ஓர் அலுவலர் அவர்களோடு உட்கார வேண்டும் என்று ஆணையிலேயே எழுதி, அந்த அலுவலரின் வேலைப்பட்டியலில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் 'நன்னடத்தையுடன் பயிற்சி முடித்தார்' என்ற ஒற்றை வரிக்குப் பதில், எந்த வகைக் கோப்பை மதிப்பிட்டார், என்ன பரிந்துரை செய்தார் என்பதை இரண்டு வரியில் எழுதி, அந்த அலுவலரே கையெழுத்திடட்டும்.

இப்படிக்கு,
கிளைக் கடன் மேசையிலும் மேலாண்மை வகுப்பறையிலும் பணிபுரிவோர் சிலர்