விலாசத்தைச் சரியா எழுதணும் மக்கா

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும், எந்த நாட்டில் புற்றுநோய் அதிகம் என்று நிறம் போட்டுக் காட்டுகிற, போனில் அனுப்பின உலக வரைபடமும் கிடைத்தன. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் கடும் நீலத்தில் இருக்க, இந்தியா வெளிறிக் கிடக்கிறதைப் பார்த்துவிட்டு "நம்ம மரச்சீனிக் கிழங்குக்கும் மீனுக்கும் இருக்கிற மகிமை பாத்தியா" என்று எழுதியிருக்கிறாய். மரச்சீனிக்கு நான் எதிரியில்லை, இன்றைக்கும் காலையில் அதுதான். ஆனால் அந்த நிறத்தை நம்பி நெஞ்சை நிமிர்த்தாதே.

அந்தக் கணக்கு பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிற பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை போடுவது, 185 நாடுகளுக்கு. 2022-ல் உலகம் முழுக்க சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய், 97 லட்சம் சாவு. இந்தியாவில் புதிதாக 14 லட்சம், சாவு 9 லட்சத்துக்கும் மேல். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் லட்சம் பேருக்குப் புதிய நோயாளிகள் ஆஸ்திரேலியாவில் 462, இங்கே 98. நீ பார்த்த நிறம் இதுதான். அங்கே வெள்ளைத் தோலும் வெயிலும் சேர்ந்து தோல் புற்று ஏராளம், அதோடு தேடிப் பிடித்துச் சோதிக்கிறார்கள், அதனாலும் எண்ணிக்கை ஏறும். நீ சாவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார். உலகத்தில் இரண்டு பேருக்கு நோய் என்றால் ஏறக்குறைய ஒரு சாவு, நம் நாட்டில் மூன்று பேருக்கு இரண்டு சாவு. முற்றின பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாடு என்று இதற்கு அர்த்தம், வேறென்ன.

அப்புறம், எண்ணுகிற விதம். டென்மார்க்கில் 1943 முதல் நாட்டில் வருகிற ஒவ்வொரு புற்றையும் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். இங்கே பம்பாயில் 1963-ல் ஆரம்பித்து, 1981-ல்தான் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியத் திட்டம் வந்தது. இன்றைக்கும் நாட்டின் பெரும்பகுதிக்குப் பதிவேடு கிடையாது. பதிவேடு உள்ள இடங்களின் கணக்கை வைத்து மற்ற இடங்களுக்கு மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்காரன் பெருமைப்படவும் ஒன்று உண்டு, அடையாறு புற்றுநோய் நிறுவனம் அரசோடு சேர்ந்து 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் பதிவேடு நடத்துகிறது.

என் தங்கை மகன் ஒரு பதிவேட்டில் வேலை பார்க்கிறான், தெரியும்தானே. யாரும் கணக்கைக் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்களாம், இவன்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, லேப் லேபாகப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுத வேண்டும். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, எந்த உறுப்பு, பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்கிற சோதனை) தேதி. மார்பு என்றால் சி50, கருப்பை வாய் என்றால் சி53, இப்படிக் குறியீடு. இறப்புப் பதிவையும் போய்ப் பார்த்து, விட்டுப்போனவர்களைச் சேர்க்க வேண்டும். இதிலெல்லாம் தலைவேதனை பிடித்தது விலாசம்தான் என்கிறான், ஏனென்றால் சிகிச்சை எங்கே எடுத்தாலும் ஆள் குடியிருக்கிற ஊரில்தான் எண்ண வேண்டும்.

இங்கே களியக்காவிளையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நம் பக்கத்தில் பாதிப் பேர் மதுரைக்கோ சென்னைக்கோ போகவா செய்கிறார்கள்? விடியற்காலை கேரளா பஸ்ஸில் ஏறி நேரே திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்சிசி. என் கொழுந்தியாளும் அங்கேதான் கீமோ எடுக்கிறாள் (நன்றாயிருக்கிறாள், முடி திரும்ப முளைத்துவிட்டது, உன்னை விசாரித்தாள்). எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குத் தொண்டையில் புற்று, எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருக்கிற மகள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துச் சீட்டு எடுத்தார், அந்த ஊர்க்காரர் என்றால் ஏதாவது சலுகை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், வலியில் இருக்கிற மனுஷன். ஆனால் கணக்கில் திருவனந்தபுரம் ஜில்லாவுக்கு ஒன்று கூடியது, கன்னியாகுமரிக்கு ஒன்று குறைந்தது. பெயரிலும் இதே கூத்துதான். இங்கே ஸ்டீபன், அங்கே ஸ்டீஃபன், ரேஷன் அட்டையில் எஸ்தேவான் என்றால் ஒரே ஆள் மூன்று நோயாளி ஆகிவிடுவார், யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால்.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் கேட்டிருந்தாய். அந்த மணலால் புற்று வரும் என்ற பயம் நம் கடற்கரை முழுக்க இருக்கிறது, மணலில் கதிர்வீசும் தோரியம் இருப்பதும் உண்மை. இதே மோனசைட் மணல் இருக்கிற கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 1990-ல் பதிவேடு தொடங்கி, சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவு, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை என்பது. நம் ஊருக்கு அதை அப்படியே ஒட்டிவிட முடியாது, இங்கேயும் அதே மாதிரி எண்ணிப் பார்த்தால்தான் சண்டை தீரும். அதுவரைக்கும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆனால் மணலை முறைக்கிறவர்கள் மடியில் இருக்கிற போயிலையை முறைப்பதில்லை, எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே 1996 முதல் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 13 பஞ்சாயத்து, 1,90,000 பேருக்கு மேல். டாக்டர்கூட இல்லை, பயிற்சி கொடுத்த பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005-ல் கணக்குப் பார்த்தபோது, புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களில், வாயைப் பார்த்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைவு. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த வேலை, உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், நம் ஆட்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, தேய்த்தாலும் போகவில்லை, எரிச்சலும் இல்லை என்று ஏதோ பல்குத்தின கதை மாதிரி நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, முதல் பக்கத்தில் எழுத வேண்டியது அதுதான். வெற்றிலையை விட்டுவிட்டேன், போயிலை மட்டும் கொஞ்சம் என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம். இந்த வாரமே ஒரு பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டு, பயாப்சி எடுக்கச் சொன்னால் நாள் நட்சத்திரம் பார்க்காமல் எடு. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்துவது சுலபம். சீட்டில் உன் சொந்த வீட்டு விலாசத்தையே எழுது.

கூட ஆள் வேண்டுமென்றால் போன் பண்ணு, செவ்வாய்க்கிழமை தவிர எல்லா நாளும் சும்மாதான் இருக்கிறேன்.

உன்,
ராஜன்