பழைய பந்தயக் கார்களைச் சீரமைக்க அனுப்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த ரிமோட் பந்தயக் காரை அழுக்கோடு கொடுக்கக் கூச்சப்பட்டு, நன்றாகத் துடைத்துக் கழுவிய பிறகே பலர் எங்களிடம் அனுப்புகிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறோம். ஆனாலும் இனி அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறோம்.

அண்மையில் ஜப்பானின் டமியா நிறுவனம் தயாரித்த ஹார்னெட் என்ற ரிமோட் கார் ஒன்று வந்தது. 1984-இல் வெளியான இந்தக் காரின் மேற்கூடு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வண்ணம் உட்புறத்தில்தான் பூசப்படும். வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பசையை எடுப்பதற்காக, உரிமையாளர் துணியில் தின்னரை நனைத்துத் தேய்த்திருந்தார். கூட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தபோது, அதை அடிச்சட்டத்தோடு பொருத்தும் துளைகளைச் சுற்றிலும் மயிரிழை போன்ற விரிசல்கள் சிலந்தி வலையாக ஓடியிருப்பது தெரிந்தது. அவ்வாறு வெடித்த பாலிகார்பனேட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் பொறுமையும் இருந்திருந்தால் அந்தக் கூடு பிழைத்திருக்கும் என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

உலோகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1985-இல் நடந்த முதல் 1/10 அளவு (அசல் வாகனத்தில் பத்தில் ஒரு பங்கு) ரிமோட் கார்களுக்கான ஆஃப்ரோடு (கரடுமுரடான பாதை) உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை வென்ற அசோசியேட்டட் ஆர்சி10 காரின் அலுமினிய அடிச்சட்டம், அனோடைஸ் செய்யப்பட்ட (மின்வேதி முறையில் மேற்பரப்பில் காப்புப் படலம் ஏற்றப்பட்ட) பொன்னிறத்தால் பெயர் பெற்றது. காரத்தன்மை மிகுந்த அடுப்பங்கரைத் துப்புரவுத் திரவம் பட்டால் அந்த நிறம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும்.

அழுக்கே எங்களுக்குப் பல செய்திகளைச் சொல்லும் என்பதையும் குறிப்பிட வேண்டும். கியர் பெட்டியைத் திறக்கும்போது கிரீஸ் எங்கே கறுத்திருக்கிறது, எந்தப் பல்லின் ஓரத்தில் நைலான் துகள் சேர்ந்திருக்கிறது, எந்த அச்சுப் பக்கம் மணல் புகுந்திருக்கிறது என்பதை வைத்தே தேய்மானத்தைக் கணிக்கிறோம். கழுவி வந்த காரில் அந்தத் தடயங்கள் இருப்பதில்லை.

சக்கரங்களை அடிச்சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளை வளைத்துப் பார்க்கவும் வேண்டாம். அவற்றுள் பல நைலானால் ஆனவை. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் வரைதான் வளைந்து கொடுக்கும். நெடுங்காலம் வறண்ட இடத்தில் கிடந்தால் உலர்ந்து, சிறு அழுத்தத்துக்கே பட்டென முறிந்துவிடும். அதனால் கழற்றிய நைலான் உறுப்புகளை முதலில் வெந்நீரில் ஊறவைத்து, ஈரம் ஏறிய பிறகே மீண்டும் பொருத்துகிறோம். ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்குக்கு இந்த மருந்து பலிக்காது. அதை வெந்நீரில் போட்டால் உருக்குலைந்துவிடக்கூடும். ஆகவே எந்த உறுப்பு எந்தப் பொருள் என்று பிரித்தறிவதற்கே எங்களுக்கு நேரம் பிடிக்கிறது. திருகுகளும் அப்படித்தான். ஜப்பானியக் கார்களின் திருகுத் தலைகள் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர அளவுக்கு வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் சரியாக அமராமல் வழுக்கி, தலையைச் சிதைத்துவிடும்.

காரோடு ஒரு கேள்விக்கான பதிலையும் மறவாமல் அனுப்புங்கள்: கார் ஓட வேண்டுமா, அலமாரியில் நிற்க வேண்டுமா? வேலை முழுவதும் இந்தப் பதிலைப் பொறுத்தே அமைகிறது. அலமாரிக்கென்றால் வெடித்த பழைய டயரையும் மஞ்சளித்த ஸ்டிக்கரையும் கூட அப்படியே காப்பாற்றுவோம். ஓட்டுவதற்கென்றால், ஹார்னெட் 2004-இலும் டமியாவின் மற்றொரு பழைய காரான சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இலும் மறுவெளியீடு கண்டிருப்பதால், அவற்றின் புதிய உறுப்புகளில் பொருந்துபவற்றைப் போட்டு, கழற்றிய அசல் உறுப்புகளைப் பெயரெழுதிய உறைகளில் இட்டுத் திருப்பித் தருவோம். அசல் உறுப்பு எதையும் உங்களைக் கேளாமல் எறிவதில்லை.

ஓட்ட விரும்புவோர் சிலர் அதிவேக பிரஷ்லெஸ் (கரித்துண்டு இல்லாத) மோட்டாரையும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையும் கேட்கிறார்கள். பழைய கார்களின் சாதாரண 540 வகை மோட்டாருக்காக வார்க்கப்பட்ட கியர்களால் அந்த விசையைத் தாங்க முடியாது என்பதால், இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மேலும், ரெசிஸ்டர் (மின்தடை) வைத்த பழைய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் மின்னழுத்தம் குறைந்ததும் தானே நிறுத்தும் வசதி கிடையாது; லிப்போவின் ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டுப்போகும், பிறகு சார்ஜ் ஏற்றுவதும் ஆபத்து. அந்தக் கருவியையே வைத்துக்கொள்ள விரும்பினால் 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே ஏற்றது.

அனுப்பும் முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: காரிலும் ரிமோட்டிலும் உள்ள பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்த பேட்டரியிலிருந்து வரும் காரம் கம்பியின் உறைக்குள் ஊர்ந்து, செம்பைக் கறுக்கச் செய்துகொண்டே போகும். வெண்ணிறப் படிவு தெரிந்தால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காகக்கூட மின்சாரம் கொடுக்க வேண்டாம். உடைந்து விழுந்த துண்டு எவ்வளவு சிறியதானாலும் ஒரு உறையில் போட்டுக் காரோடு சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சீரமைப்புப் பட்டறையினர்