வன்னி மோட்டர்க் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, மாங்குளம் பக்கங்களில் நீங்கள் விற்கும் குழாய்க்கிணற்று மோட்டர்களைக் கூலிக்குப் பொருத்துகிறவர்கள் நாங்கள். கடை வாடிக்கையாளரிடம் தனியாக வேலை எடுக்கக்கூடாது என்கிறீர்கள். கடனுக்குப் பொருள் கொடுத்து நீங்கள் பிடித்த ஆளை, பொருத்தப் போனவரே தன்பக்கம் இழுத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் வாய்ச்சொல் தடையால் இது தீராது.

சிக்கல் வெடிப்பது உத்தரவாதக் காலத்தில்தான். மோட்டர் உறுமுது, சுத்தேல்லை என்று தோட்டக்காரர் எங்களுக்கே நேரே போன் எடுப்பார். பெரும்பாலும் மோட்டரைச் சுத்த வைக்க உதவும் கப்பாசிட்டர் என்ற சிறு பாகம் போயிருக்கும். கொன்றோல் பெட்டியில் குறித்த மைக்ரோபரட் அளவுள்ள கப்பாசிட்டர் கையில் இல்லையென்று கூடின அளவைப் போட்டாலும் மோட்டர் ஓடும், ஆனால் ஓட ஓட உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) சூடேறும். கிணற்றுக்குள் கேபிள் இணைப்பை வெறும் ரேப்பால் சுற்றினால் தண்ணீர் இறங்கி, ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் நிற்கும். கடைசியில் எரிந்த மோட்டர் உங்கள் மேசைக்கு வரும்போது, பெட்டியைத் திறந்தது யார் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

அதனால் முதலில் வேலை அட்டை வேண்டும், இரண்டு பிரதியாக. மோட்டரின் தொடர் இலக்கம், குதிரைவலு, கப்பாசிட்டர் அளவு, இறக்கிய ஆழம், ஓடும்போது வோல்டேஜும் அம்பியரும், திகதி, கையெழுத்து. அம்பியர் பெயர்த்தகட்டில் உள்ளதைத் தாண்டினால் அன்றைக்கே காரணம் தேடலாம். மாலையில் வோல்டேஜ் விழும் இடங்களில் இது மிக முக்கியம்.

வாடிக்கையாளர் விடயத்தில் எங்கள் யோசனை இது. கடை அனுப்பிய வீட்டில் அதே மோட்டர் வேலை, உத்தரவாதம் முடியும்வரை கடை ஊடாகவே நடக்கட்டும். அதே வீட்டில் வயரிங், தண்ணீர்த் தாங்கி பொருத்துதல் போன்ற வேறு வேலை எங்களுடையது. வேண்டுமானால் அந்தக் கூலியில் பத்திலொன்று கடைக்குத் தருகிறோம். நாங்கள் உங்கள் கடை வேலைக்கு வருமுன்பே எங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களின் பெயர்ப்பட்டியலை முதல் நாளே இணைப்போம், அவர்களுக்குத் தடை இல்லை. உங்கள் விலைப்பட்டியலையும் கடன் கணக்கையும் வெளியே கொடுக்கமாட்டோம் என்று கையெழுத்திடவும் தயார்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டு, நேரத்தையும் நீங்களே குறித்து, வேலைக் கருவிகளும் நீங்களே தந்து, வேறெங்கும் போகாதே என்று கட்டினால், அதைத் தொழில் திணைக்களம் முதலாளி தொழிலாளி உறவாகவே பார்க்க இடமுண்டு. அப்போது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், எங்கள் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம் உங்களுடையது. முழுத் தடை வேண்டுமென்றால் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

கூலி மாதக்கணக்கில் இழுபடுவதுதான் பலரை நேரடி வேலைக்குத் தள்ளுகிறது. அட்டை கொடுத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கூலி என்று ஒரு வரி எழுதுங்கள், பாதிச் சண்டை அதோடு நிற்கும். மிச்சத்தை சிறுபோக வேலை குவியுமுன் ஒரு நாள் கூடியிருந்து பேசி, தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
மோட்டர் பொருத்துவோர்