டிசம்பர் மாச கடிதம்: ஸ்வெட்டர் பத்தி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்,

காலாண்டு ரிசல்ட் நல்லா வந்துச்சு, ஸ்போர்ட்ஸ்லயும் சயின்ஸ் எக்ஸிபிஷன்லயும் பிள்ளைங்க நல்லா பண்ணாங்க, எல்லாருக்கும் வாழ்த்துகள். அரையாண்டு டைம்டேபிள் கிளாஸ் குரூப்ல வந்துரும்.

இப்ப முக்கியமான விஷயம். ஏற்காட்டுல காலை நேரத்து பனி எப்படின்னு உங்களுக்கு சொல்ல வேணாம், கேட்கிட்ட நிக்கிற ஆளோட முகமே தெரியல, அப்படியிருந்தும் நிறைய பிள்ளைங்க ஸ்வெட்டர கழட்டி பைக்குள்ள திணிச்சுட்டு பிரேயர்ல நடுங்கிட்டு நிக்குறாங்க. விசாரிச்சா, சாயம் போன ஸ்வெட்டர், அண்ணன் போட்டது, கவர்மெண்ட்ல குடுத்ததுன்னு கூடப் படிக்கிறவங்களே கிண்டல் பண்றாங்களாம். ஆறாவதுல போய் மனுஷன் எதுக்கு துணி போட ஆரம்பிச்சான்னு கேட்டேன், "ஆள் பாதி ஆடை பாதி மிஸ்"னு ஒரே குரல்ல சொல்றாங்க. மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

அன்னைக்கு அவங்களுக்கு சொன்னத உங்களுக்கும் சொல்றேன். தலைப்பேன் வேற, துணி மடிப்புல முட்டை வைக்கிற பேன் வேற. துணின்னு ஒண்ணு வந்தப்புறம்தான் அது தனியா பிரிஞ்சிருக்க முடியும்னு 2011ல ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பேனோட டிஎன்ஏவ வச்சு கணக்கு போட்டாங்க, மனுஷன் துணி போட ஆரம்பிச்சு குறைஞ்சது 83,000 வருஷம், 1,70,000 வருஷம் வரைக்கும்கூட போகலாம்னு வந்துச்சு. உடம்புல ரோமம் குறைஞ்சது அதுக்கும் ரொம்ப முன்னாடி. சைபீரியா மாதிரி கடுங்குளிர்ல காது வச்ச எலும்பு ஊசி சுமார் 40,000 வருஷம் முன்னாடியே இருந்திருக்கு, மிருகத் தோலை உடம்போட ஒட்டி இருக்கிற மாதிரி தைச்சுப் போட்டாத்தான் அங்க உயிரோட இருக்க முடியும். அழகும் அப்பவே உண்டு, ஜார்ஜியா நாட்டு குகை ஒண்ணுல 30,000 வருஷத்துக்கு முந்தின சாயம் ஏத்தின நார் கிடைச்சிருக்கு. வெயில், முள்ளு, பூச்சி, மானம், நம்ம ஆளுன்னு அடையாளம், எல்லாத்துக்கும் துணி வேணும். அதனால நல்லா டிரஸ் பண்ண ஆசைப்படுறத நான் தப்பே சொல்லல. ஆனா அந்த ஆசைக்காக இன்னொரு பிள்ளை குளிர்ல நடுங்கக் கூடாது.

இத கண்டிப்பாவே சொல்றேன். இனிமே ஸ்வெட்டர வச்சு யார் கிண்டல் பண்ணாலும் அந்த பெற்றோரை நேர்ல வரச் சொல்லுவோம், எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் சரி. பிராண்ட் பேர் போட்ட ஜாக்கெட் ஸ்கூலுக்கு வேணாம், யூனிஃபார்ம் கலர் ஸ்வெட்டர் போதும், பழசு, ஒட்டு போட்டது எதுவா இருந்தாலும் பரவால்ல. வீட்டுல பேசுறப்பவும் "அவங்க வீட்டு டிரஸ்ஸ பாரு"ங்கிற பேச்சு பிள்ளைங்க காதுல விழாம பாத்துக்கோங்க, அங்கிருந்துதான் அது கிளாஸுக்கு வருது.

எஸ்டேட் வேலைக்கு இருட்டோட கிளம்பினாலும் பிள்ளைங்கள நேரத்துக்கு அனுப்பி வைக்கிற உங்க எல்லாருக்கும் மனசார நன்றி. சின்னதாப் போன ஸ்வெட்டர் இருந்தா துவைச்சு ஆபீஸ் ரூம்ல குடுங்க, யார் குடுத்தது யாருக்குப் போச்சுன்னு வெளிய தெரியாது. தேவைப்படுறவங்க கிளாஸ் டீச்சர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொன்னா போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்