மாடு கொடுத்தவர்களுக்கும் அதை மதிய உணவாக்கியவர்களுக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் புல்வெளியை ஒட்டி இருக்கும் எங்கள் சிற்றூர்ப் பள்ளியில், இந்தக் கல்வியாண்டு முழுவதும் மதிய உணவுக்கு உள்ளூர் மாட்டுக்கறிதான் பரிமாறினார்கள். ஊர்க்காரர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். ஒமாகாவிலும் லிங்கனிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இதற்குப் பணம் தந்தன. அந்தப் பணம் எங்கே போனது, யார் யார் கைபட்டுச் சாப்பாடாக மாறியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தமிழில் தனியாக எழுதுகிறேன்.

மாடு கொடுத்த பண்ணைக் குடும்பங்களுக்கு முதல் நன்றி. மனிதர்களைப் போல மூன்று மடங்கு மாடுகள் இருக்கும் மாநிலம் இது. இங்கே ஒரு மாடு கொடுப்பது பெரிய காரியமா என்று தோன்றலாம். பெரிய காரியம்தான். கன்று ஈனும் காலம் இங்கே கடும் குளிரில் வரும். நள்ளிரவில் எழுந்து போய், ஈரத்தோடு கிடக்கும் கன்றைத் துடைத்துச் சூடேற்றிக் காப்பாற்றுகிறவர்கள் இவர்கள். 2019 மார்ச்சில் அடித்த பனிப்புயலிலும் வெள்ளத்திலும் இந்த மாநிலத்தில் எத்தனையோ கன்றுகள் மடிந்தன. அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த காளையை ஏலத்துக்கு ஓட்டிப் போனால் கைமேல் காசு. அதை விட்டுவிட்டுப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். சுமார் 600 கிலோ எடையுள்ள ஒரு காளையில் எலும்பும் கொழுப்பும் கழிந்து 220 கிலோ அளவுக்குக் கறி தேறும். நல்ல துண்டுகளைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளாமல், முழுவதையும் கைமாவாக அரைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வெட்டுக்கூடம். மாடு இலவசமாக வந்தாலும் கறி இலவசமாக வந்துவிடாது. இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுத் தேவைக்கு மாட்டை வெட்டித் தரும் சிறு கூடங்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் அங்கே கட்டும் பொட்டலத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரை விழும். அந்தக் கறி பள்ளிச் சமையலறைக்குள் வரக் கூடாது. அரசுச் சோதனையாளர் மாட்டை உயிரோடு ஒருமுறை, அறுத்தபின் ஒருமுறை பார்த்து முத்திரை இட்டால்தான் பிள்ளைகளின் தட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்ட கூடம் பக்கத்தில் இல்லை. 2020-ல் கொரோனாவால் பெரிய ஆலைகள் முடங்கியபோது, இத்தகைய கூடங்களில் நாள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. இப்போதும் நாங்கள் பல மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. பள்ளி மாடு என்றதும் இடம் ஒதுக்கித் தந்த வெட்டுக்கூடத்துக்காரருக்கு எங்கள் நன்றி.

வெட்ட, அரைக்க, பொட்டலம் கட்ட, உறைய வைக்க ஆகும் கூலியில் ஒரு பகுதிதான் நீங்கள் தந்த பணம். தந்தவர்களில் மாட்டுக்கறியைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தங்கள் வீட்டில் சமைக்காத ஒன்று வேறு பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகட்டும் என்று நினைத்த அந்த மனசுக்கு என்ன சொல்வது! உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது.

டிரெய்லரில் மாடு ஏற்றிவிட்ட வேளாண் வகுப்பு மாணவர்களுக்கும், டீசல் காசு வாங்காமல் வண்டி ஓட்டியவருக்கும் நன்றி.

சமையலறை அக்காமாரை எப்படி மறப்பது? முன்பே வெந்து உறைந்து வரும் கறிவில்லைகளைச் சூடாக்கித் தருவது எளிது. பச்சைக் கைமா அப்படியல்ல. முந்தைய நாளே குளிர்பெட்டியில் வைத்து உறைவு நீக்க வேண்டும்; 71 டிகிரி செல்சியஸ் வரை வெந்ததா என்று வெப்பமானி குத்திப் பார்க்க வேண்டும்; கொழுப்பை வடிக்க வேண்டும். இத்தனையும் கூடுதல் வேலை. சில்லியும் (கைமா போட்டுச் செய்யும் காரக் குழம்பு) இலவங்கப்பட்டை ரொட்டியும் சேர்ந்து வரும் நாள் நெப்ராஸ்காப் பள்ளிகளில் பழைய வழக்கம். அந்த நாளில் மாட்டுக்கறி சாப்பிடாத பிள்ளைகளுக்காக, யாரும் கேட்காமலேயே பீன்ஸ் சில்லியைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு வைத்தார்கள். நம் பிள்ளைகள் எதைத் தொடலாம் என்று தயங்கி நிற்க வேண்டியிருக்கவில்லை.

வரும் இலையுதிர் காலத்துக்கு வெட்டுக்கூடத்தில் நாள் குறித்தாயிற்று. மாடு தர இரண்டு குடும்பங்கள் சம்மதித்திருக்கின்றன. வெட்டுக்கூலிக்கு உதவ விரும்புகிறவர்கள் மதிய உணவுக் கணக்குக்கு என்று குறிப்பிட்டுப் பள்ளி அலுவலகத்தில் காசோலை கொடுங்கள், சரிதானே? ரசீது தருவார்கள்.

நன்றியுடன்,
ஒரு பெற்றோர்