ரினியூவல் குப்பைன்னு சொன்ன மாப்ளைக்கு

மாப்ள,

அன்னைக்கு மாட்டுத்தாவணி டீக்கடைல, வேகமா அடிச்சு நொறுக்குற த்ராஷ் மெட்டல் வாசிக்கிற ஜெர்மன் பேண்டு க்ரியேட்டரோட ஆல்பம் பூராத்தையும் வரிசையா அடுக்கிட்டு, 1992ல வந்த ரினியூவல்னு நான் வாயத் தொறந்ததும் "அது குப்பைடா, அதப் பத்தி பேசவே வேணாம்"னு சொல்லிட்டு கச்சேரி வேன் வந்துருச்சுன்னு கெளம்பிட்ட. வாய்ஸ் நோட் போட்டா நீ பாதிலயே அடுத்ததுக்குப் போயிருவ, அதான் மெனக்கெட்டு எழுதுறேன், நாலு பேரு படிச்சாலும் நல்லதுதான், ஏன்னா அந்த ஆல்பத்தை குப்பைன்னு சொல்றது நீ மட்டும் இல்ல.

உன் வரிசை எனக்குப் புரியுது. ப்ளெஷர் டு கில் 1986, டெரிபிள் சர்ட்டன்டி 1987, எக்ஸ்ட்ரீம் அக்ரெஷன் 1989, கோமா ஆஃப் சோல்ஸ் 1990, இந்த நாலுல எது மேல எது கீழன்னு விடிய விடிய சண்டை போடலாம், எதைச் சொன்னாலும் தப்பில்ல. ஆனா கோமா ஆஃப் சோல்ஸுக்கு அப்புறம் அவங்க என்ன பண்ணிருக்கணும்னு நீ நெனைக்கிற? அந்த ஆல்பத்துல ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, எல்லாம் அவ்வளவு கச்சிதமா செதுக்கி வச்சிருப்பாங்க, கிட்டாரிஸ்ட் ஃபிராங்க் ப்ளாக்ஃபயர் சோடம்ங்கிற பேண்டுலருந்து வந்து சேந்ததுல லீடு வேற நல்லா மெருகேறியிருக்கும். அதே ரூட்ல இன்னொன்னு போட்டிருந்தா நீயே "பழைய சரக்கு"ன்னு சொல்லிருப்ப.

அந்த நேரத்தையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. 1991ல மெட்டாலிகா கருப்பு ஆல்பம் வந்து ஊரையே வளைச்சுருச்சு, அதே வருஷம் நிர்வாணா, 1992ல பேன்டெரா வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர், மினிஸ்ட்ரி சாம் 69, மெகாடெத் கவுன்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன். த்ராஷ் ஆளுங்க பூராம் எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம நின்ன வருஷம் அது, நெறைய பேரு வேகத்தைக் கொறச்சு, பாட்டைச் சுருக்கி, ரேடியோவுல போடுற மாதிரி ராகமா பாட ஆரம்பிச்சாங்க. க்ரியேட்டரும் வேகத்தைக் கொறச்சாங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கொறச்ச எடத்துல இனிப்பு தடவல, இன்னும் கசப்பாக்குனாங்க. வியாபாரத்துக்காக மாறுனாங்கன்னு நீ சொன்ன பாரு, அத மட்டும் என்னால ஏத்துக்க முடியாது. இந்த ஆல்பத்துல ஒரு பாட்டைக் காட்டு, எந்த டிவிக்காரன் சந்தோஷமா போட்டிருப்பான்னு சொல்லு பாப்போம்.

ரெக்கார்டிங் பண்ணது ஃப்ளோரிடா டாம்பால, மோரிசவுண்ட் ஸ்டூடியோ, தயாரிப்பு டாம் மோரிஸ். டெத், மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரின்னு டெத் மெட்டல் பேண்டுக எல்லாம் போன ஸ்டூடியோ, செபுல்ச்சுராவோட அரைஸ் ஆல்பமும் அங்கதான். அங்க போனா அந்த ஊரு டெத் மெட்டல் சவுண்டை அப்படியே வாங்கிட்டு வந்திருக்கலாம். இவங்க வாங்கிட்டு வந்தது வேற. கிட்டார் காஞ்சு போயிருக்கும், ஈரமே இருக்காது, நடுவுல ஒரு ரீங்காரம் ஓடிக்கிட்டே இருக்கும், ரிஃப் நின்னாலும் அது நிக்காத மாதிரி இருக்கும். உனக்குப் பிடிக்காததே அந்த சவுண்டுதான்னு நெனைக்கிறேன், எனக்கு உயிரே அதுதான்.

எங்க அப்பா மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தாருன்னு உனக்குத் தெரியும். சின்ன வயசுல சாப்பாட்டுக் கேரியர் குடுக்க கேட்டு வரைக்கும் போவேன், எப்பவாச்சும் வாட்ச்மேன் நல்ல மனசுல இருந்தா உள்ள விடுவாரு. உள்ள போனா மொத மொத காது அடைச்சுரும், ஆனா கொஞ்ச நேரம் நின்னா அந்த இரைச்சலுக்குள்ள ஒரு தாளம் பிடிபடும், ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு வேகத்துல ஓடும், எங்கயோ ஒரு எடத்துல ரெண்டும் சேரும், மறுபடி பிரியும். அப்பா தலைமுடி பூரா பஞ்சு ஒட்டியிருக்கும், அந்த இரைச்சலுக்கு நடுவுல நின்னுக்கிட்டு உதட்டசைவுலயே பக்கத்து ஆளோட பேசிக்குவாரு. ரினியூவல் கிட்டாரு எனக்கு அந்த எடம்டா. மிஷின் சத்தத்தைக் காப்பியடிச்ச மாதிரி இருக்காது, அதுக்குள்ள வாழ்ந்தவன் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

அது சும்மா என் கற்பனையும் இல்ல. க்ரியேட்டர் எந்த ஊரு? எஸ்ஸன். ரூர் பள்ளத்தாக்கு, ஜெர்மனில நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர் போன எடமா இருந்துச்சு. அதுலயும் அவங்க வளந்தது ஆல்ட்டன்எஸ்ஸன், சுரங்கத் தொழிலாளிங்க ஏரியா. மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒண்ணு அங்க இருக்கு, ட்செஷெ கார்ல்னு பேரு, அதைக் கலை நிகழ்ச்சி எடமா மாத்தி வச்சிருந்தாங்க, இவங்க ரிகர்சல் பாத்து வளந்தது அங்கதான். சுரங்கமும் ஆலையும் ஒண்ணொண்ணா மூடுற ஊருல வளந்த பயலுக, ஆரம்ப ஆல்பத்துல பேய் பிசாசு ரத்தம்னு பாடிட்டு, 1992ல வந்து மொத மொறையா சொந்த ஊரு மாதிரி சத்தம் போடுறாங்க. அதைப் போயி சொதப்பல்னு எப்படிடா சொல்ற?

சரி, உன் விஷயத்துக்கு வரேன், டிரம்ஸ். க்ரியேட்டர் டிரம்மர் வென்டரு இதுல சோம்பேறியா வாசிச்சிருக்காருன்னு சொன்ன. டெரிபிள் சர்ட்டன்டில அவரு பண்ணதெல்லாம் நமக்கு மனப்பாடம், அந்தாளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நீ வருஷக்கணக்கா ஆர்கெஸ்ட்ரால ரிதம் பேடும் டிரம்ஸும் வாசிக்கிறவன், ஒனக்குத் தெரியாததா, கோயில் திருவிழாவுல ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டம் ஆடுறப்ப நீ ஃபில் மேல ஃபில்லா, நடைக்கு நடுவுல அலங்கார உருட்டலா போடுவியா? மாட்ட. அந்த நடையைப் பிடிச்சு உக்காந்துருவ. கை பரபரன்னு இருந்தாலும் அடக்கிக்கிட்டு உக்காந்துருவ. ரிஃப்ளெக்‌ஷன் பாட்டுல வென்டர் பண்றது அதுதான், கிட்டாருக்கு எடம் விட்டுட்டு கீழ உக்காந்திருக்காரு. ரினியூவல் டைட்டில் பாட்டையும் ஹெட்ஃபோன்ல போட்டு கிட்டாரை விட்டுட்டு டிரம்ஸ மட்டும் கேளு, அப்புறம் பேசு.

பாடகர் மில்லே பெட்ரோட்சா குரலும் இதுல மாறுது. பழைய ஆல்பத்துல இருந்த அந்தக் கிறீச்சுக் கத்தல் போயி, தொண்டை கட்டுன ஆளு கோவத்துல கத்துற மாதிரி, ஹார்ட்கோர் பாடகர்கள் மாதிரி, வார்த்தையத் துப்பித் துப்பிப் பாடுறாரு. இங்க உனக்கு ஒரு பாயிண்ட் தரேன், சில பாட்டுல அந்தக் குரல் ஒரே மட்டத்துலயே நிக்குது, ஏத்த எறக்கம் கம்மி, பிரெயின்சீட் எனக்கும் சுமார்தான். ஆனா கார்மிக் வீல்ல அதே குரல் எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு. ஆறு நிமிஷத்துக்கிட்ட ஓடுற பாட்டு, அவசரமே இல்ல, பைய நகரும், அந்த நகர்ற விதத்துலயே ஒரு பாரம் ஏறிக்கிட்டே போகும். க்ரியேட்டர் மொத்த சரித்திரத்துல மனசை இப்படி அமுக்குற பாட்டு எனக்கு வேற இல்ல, ப்ளெஷர் டு கில்லையும் சேத்துத்தான் சொல்றேன். அது முடிஞ்சதும் ரியாலிடேட்ஸ்கன்ட்ரோல்லன்னு ஜெர்மன்ல பேரு வச்ச ஒரு குட்டி டிராக் வரும், பாட்டே கெடையாது, வெறும் சத்தக் கோர்ப்பு. நீ அதை ஸ்கிப் பண்ணிருவேன்னு எனக்குத் தெரியும். பண்ணாத. கார்மிக் வீல் பாரத்துலருந்து ஜீரோ டு நன் வேகத்துக்குப் போறதுக்கு அந்த இடைவெளி வேணும்.

அப்புறம் யூரோப் ஆஃப்டர் தி ரெய்ன். மேக்ஸ் எர்ன்ஸ்ட்னு ஒரு ஓவியர், ரெண்டாம் உலகப் போர் நேரத்துல இதே பேருல ஒரு படம் வரைஞ்சாரு, கண்டம் பூராம் உருகி அழுகி நிக்கிற மாதிரி இருக்கும், தேடிப் பாரு. பாட்டு சின்னது, வேகமானது, "மெதுவாயிட்டாங்க"ன்னு அழுகுற ஒனக்கே பிடிக்கும். ஆனா எந்த வருஷம் அதைப் பாடுனாங்கன்னு யோசி. ரெண்டு ஜெர்மனியும் 1990ல சேந்தாச்சு, எல்லாரும் கொண்டாடி முடிச்சாச்சு, 1992 ஆகஸ்டுல ரோஸ்டாக் ஊருல, லிஷ்டன்ஹாகன்னு ஒரு ஏரியா, அகதிகளும் வியட்நாம்லருந்து வேலைக்கு வந்தவங்களும் தங்கியிருந்த அடுக்குமாடிய நாள்கணக்கா ஒரு கும்பல் சுத்தி நின்னு கல்லெறிஞ்சு தீ வச்சுச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க நின்னு கை தட்டுனாங்க. இந்தச் சம்பவத்தைப் பாத்துட்டுத்தான் பாட்டு எழுதுனாங்கன்னு நான் சொல்ல வரல. அந்தக் காத்துலதான் இந்த ஆல்பம் வெளிய வந்துச்சு, மில்லேவே இத்தாலிலருந்து வந்த குடும்பத்துப் பையன். இதெல்லாம் தெரிஞ்சு கேட்டா ஆல்பத்துல இருக்குற அந்த வறண்ட கோவம் ஏன்னு புரியும், அதுக்கு டிராகன் கதை மாதிரி ரிஃப் போட முடியாதுடா.

அப்படியும் ஏன் யாரும் கண்டுக்கலன்னா, எனக்கு என்ன தோணுதுன்னா, அது நடுவுல மாட்டிக்கிச்சு. த்ராஷ் ரசிகனுக்கு இது போதுமான வேகம் இல்ல, இண்டஸ்ட்ரியல், அதாவது மிஷின் சத்தம் மாதிரியான இசை, கேக்குறவன் க்ரியேட்டர்னு பேரப் பாத்ததுமே தொட மாட்டான். அதோட பேண்டே கலகலத்துப் போச்சு. ஆரம்பத்துலருந்து இருந்த பேஸ் கிட்டாரிஸ்ட் ராப் ஃபியோரெட்டி இதோட வெளிய போயிட்டாரு, 1994ல வென்டரும் போயிட்டாரு, 1995 காஸ் ஃபார் கான்ஃப்ளிக்ட்ல வேற டிரம்மர், வேற பேஸ். 1996லதான் வென்டர் திரும்பி வந்தாரு. அப்புறம் அவுட்காஸ்ட், எண்டோரமா, 2001ல வயலென்ட் ரெவல்யூஷன் வந்து எல்லாரும் "அப்பாடா, வந்துட்டாங்க"ன்னாங்க. திரும்பி வந்ததை அவ்வளவு கொண்டாடுனதுல, போன எடத்துல என்ன பண்ணாங்கன்னு யாரும் திரும்பிப் பாக்கல. தொண்ணூறுகள் பூராத்தையும் ஒரே மூட்டையாக் கட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க, அந்த மூட்டைக்குள்ள ரினியூவலும் போயிருச்சு.

2012ல பெங்களூர் ஓப்பன் ஏர்ல க்ரியேட்டர் வந்தாங்கல்ல, ஃபான்டம் ஆன்டிகிரைஸ்ட் வந்த அதே மாசம். நீயும் நானும் நைட் பஸ்ல போயி நின்னோம். ஃப்ளாக் ஆஃப் ஹேட்டுக்கு நீ ஆடுன ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது, நானும் ஆடுனேன், அந்த சந்தோஷத்தை நான் கொறைச்சுப் பேசல. ஆனா அந்த மேடைல நின்ன அதே ஆளுதான் கார்மிக் வீலும் எழுதுனாரு. அந்தத் தைரியம் இல்லாம இருந்திருந்தா, பின்னால வந்த ஃபோபியா மாதிரி ஒரு பாட்டு, அந்த நறுக்குன்னு வெட்டுற ரிஃப்பு, அந்த குரூவு எங்கருந்து வந்திருக்கும்? ஃபோபியாவுக்கு மட்டும் தலைய ஆட்டுவ, அதுக்குப் பாதை போட்ட ஆல்பத்தைக் குப்பைம்ப. இது ஞாயமா சொல்லு.

மொத்தமே நாப்பது நிமிஷம்தான் மாப்ள. உன் கச்சேரி அலங்காநல்லூர்ப் பக்கம் இருந்தா போறப்பயே முடிஞ்சிரும், ஆனா வேன்ல ஸ்பீக்கர்ல போடாத, அதுல பேஸ் பூராம் செத்துரும். ஹெட்ஃபோன்ல வின்டர் மார்ட்டிரியம்ல ஆரம்பிச்சு வரிசையாவே கேளு, ஷஃபிள் வேணாம். கேட்டுட்டு ரிஃப்ளெக்‌ஷன்ல வென்டர் வாசிச்சது சோம்பேறித்தனமா இல்லையான்னு மட்டும் எனக்கு எழுது, டிரம்மரா எழுது. எண்டோரமா சண்டைய தனியா வச்சுக்குவோம், அதுக்கும் எங்கிட்ட சரக்கு இருக்கு.